சேர்வராயன் மலையின் எல்லைக் கற்கள்

ஏற்காட்டை 1842-ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் பலவும் சொல்கின்றன. மன்றோ 1827 ஜூலையிலேயே காலராவில் இறந்துவிட்டார். ஆண்டுக் கணக்கில் உள்ள இந்தப் பிழையைத் திருத்துவது எளிது. ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லில் இருக்கும் பிழையைத் திருத்துவதுதான் கடினம். வெள்ளைக்காரர்கள் குதிரையில் ஏறி வந்தபோது, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்துகொண்டிருந்தன. உச்சியில் சேர்வராயனுக்குக் குகைக் கோயில் இருந்தது. மலை முழுவதும் சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என்று பிரிக்கப்பட்டு, எந்த ஓடை வரை யாருக்கு, எந்தப் பாறைக்கு அப்பால் யாருக்கு என்பதைப் பட்டக்காரர்களும் ஊர்க்கவுண்டர்களும் தீர்த்துவைத்தார்கள்.

அந்த மக்கள் மலையாளிகள். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து மலைகளில் தங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவி வாழும் இவர்களே தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடி மக்கள் தொகை 7,94,697. அதில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். இவ்வளவு பேர் இருந்தும் தாங்கள் வாழும் காட்டைப் பற்றிய முடிவுகளில் இவர்களின் சொல் ஏன் எடுபடவில்லை என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், அது இருநூறு ஆண்டுகளாக மலைமேல் வெளியார் போட்ட கோடுகளின் கதையாக விரிகிறது.

முதல் கோட்டைக் காப்பி போட்டது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டார்; பேரிக்காயும் ஆரஞ்சும்கூட அவர் காலத்தில் வந்தவை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மேட்டு நிலத்தின் நல்ல பகுதியெல்லாம் எஸ்டேட்டுகளாயின. ஏர் பூட்ட முடியாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைத்து, இரண்டு மூன்று வெள்ளாமைக்குப் பிறகு நிலத்தை ஆறப்போடுவது மலையாளிகளின் கொத்துக்காட்டு விவசாயம். ஆறப்போட்ட நிலம் அளக்க வந்தவர்களின் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தைத் தோட்டத்துக்குக் கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை.

இரண்டாவது கோடு காட்டிலாகாவுடையது. இதில் தமிழ் வாசகர் அதிகம் அறியாத ஒரு செய்தி உண்டு. வனச் சட்டம் கொண்டுவர இந்திய அரசு முனைந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தது சென்னை மாகாணத்தின் வருவாய் வாரியம். இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அநேகமாக இல்லை, அவற்றில் கிராமத்தாருக்குத் தொன்றுதொட்ட அனுபோகம் உண்டு என்பது 1871-இல் வாரியம் முன்வைத்த வாதம். 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தை ஏற்காமல் சென்னை நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ரயிலுக்கு விறகும் தண்டவாளக் கட்டையும் தேவைப்பட்டன. இந்திய அரசின் காட்டிலாகாத் தலைவர் டீட்ரிச் பிராண்டிஸ் வந்து பார்த்துப் பேசி முடித்தபின் 1882-இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒரு காட்டை ஒதுக்குக் காடாக்கும் முன், அங்கே யாருக்கு என்ன உரிமை என்று தீர்வு அலுவலர் விசாரிக்க வேண்டும். உரிமை கோருபவர் குறித்த காலத்துக்குள் எழுத்திலோ நேரிலோ அதைத் தெரிவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, அறிவிப்பு வந்ததே தெரியாத மலை ஊர்களில் இந்த விசாரணை எப்படி முடிந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. கேட்கப்படாத உரிமை இல்லாத உரிமையாயிற்று. கற்குவியல்களை அடுக்கி எல்லை போட்டார்கள். மலை ஊர்களில் இன்றும் ‘ரிசர்வ்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படும் காடு அப்படிப் பிறந்தது.

அந்தக் காட்டில் சந்தன மரம் இருந்தது சாபமாயிற்று. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனம்கூட நெடுங்காலம் அரசின் சொத்து. மரத்தை வெட்டிக் கடத்தியவர்களின் பணம் சமவெளியில் சேர்ந்தது. தேடி வந்த துறையினரின் அடி மலையாளிகளின் முதுகில் விழுந்தது.

இந்தப் பின்னணியோடுதான் 1950-இல் அரசியலமைப்பு வந்தது. பழங்குடிகளுக்கு அது கொடுத்தவை பல: சமத்துவ உரிமைக்குள்ளேயே சிறப்பு ஏற்பாடு செய்ய இடம், கல்வி வேலைகளில் ஒதுக்கீடு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் தனித் தொகுதிகள், சுரண்டலிலிருந்து காக்க அரசுக்கு 46-ஆம் பிரிவின் கட்டளை, மத்திய நிதிக்கு 275-ஆம் பிரிவு, பின்னாளில் 338-அ பிரிவின் கீழ் தேசிய ஆணையம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கானது. 234 தொகுதிகளில் அதுவும் சேந்தமங்கலமும்தான் அப்படி. ஆனால் நிலத்தையும் காட்டையும் பொறுத்தவரை அரசியலமைப்பின் உண்மையான கவசம் 244-ஆம் பிரிவும் அதையொட்டிய ஐந்தாவது அட்டவணையும். அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் ஆளுநர் நினைத்தால் பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கலாம், பொதுச் சட்டங்களை விலக்கி வைக்கலாம். ஊராட்சி முறையை அட்டவணைப் பகுதிகளுக்கு விரிவாக்கி 1996-இல் வந்த பெசா சட்டம் அங்கே கிராம சபையைக் காடுபடு பொருள்களுக்கு உரிமையாளராகவும் ஆக்கியது.

தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அட்டவணைப் பகுதி இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பதில் பழைய மாகாண வரைபடத்தில் கிடைக்கிறது. 1874-ஆம் ஆண்டின் ‘ஷெட்யூல்டு டிஸ்ட்ரிக்ட்ஸ்’ சட்டம் சென்னை மாகாணத்தில் தனி நிர்வாகத்துக்கு ஒதுக்கியது வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் ஏஜென்சி மலைகளை. கிளர்ச்சிகள் நடந்த மலைகள் அவை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் அந்த வழியையே பின்பற்றியது. சேலத்து மலைகளோ கலெக்டரின் நேர் நிர்வாகத்தில், துரைமார்களின் தோட்டங்களோடு, பொது நிலச் சட்டத்துக்குள் இருந்தன. தோட்டம் வாங்கவும் விற்கவும் வசதியான அந்த ஏற்பாட்டை மாற்ற அன்றைய ஆட்சிக்குக் காரணமே இல்லை. சுதந்திர இந்தியா பழைய பட்டியலிலிருந்து தன் அட்டவணைப் பகுதிகளை எடுத்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது, சென்னை வசம் எஞ்சியிருந்த ஏஜென்சி மலைகள் ஆந்திரத்தோடு போய்விட்டன. அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு அமைக்கலாம் என்ற விதியின்படி தமிழ்நாட்டில் அது இருக்கிறது. பெயரே சொல்வதுபோல் அதன் வேலை ஆலோசனை சொல்வதோடு முடிகிறது.

இதன் விளைவை நிலத்தில் பார்க்கலாம். ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் 1970-ஆம் ஆண்டின் முதலாவது ஒழுங்குமுறைக்குப் பிறகு பழங்குடி அல்லாதார் நிலம் வாங்க முடியாது. அதன் அடிப்படையில்தான் 1997-இல் ‘சமதா’ வழக்கில், அரசே கூடப் பழங்குடிப் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அப்படியொரு முழுமையான சட்டம் கிடையாது. ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு நிலம் தேடுபவர் எதிர்கொள்ளும் தடைகள் பெரும்பாலும் மலைப்பகுதிக் கட்டட விதிகள் சார்ந்தவை. விற்பவர் பழங்குடியா என்ற கேள்வி வலுவாக எழுவதில்லை. மகளின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைமாறிய துண்டு நிலங்கள் இன்று கம்பிவேலி போட்ட பண்ணை வீடுகளாக நிற்கின்றன.

பட்டியலே எல்லையாக மாறிய கதை இதைவிட வேதனையானது. பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர்கள் உண்டு: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. 1976-இல் பட்டியல் திருத்தப்பட்டபோது ஈரோடு தனி மாவட்டமாக இல்லை, கோயம்புத்தூரோடு இருந்தது. கோயம்புத்தூரின் பெயர் பட்டியலில் இல்லை. அதனால் சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்துப் பாலமலையில் இருக்கும் மலையாளி பழங்குடி. மலைமுகட்டைத் தாண்டி ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி இல்லை. ஒரே குலதெய்வம், பெண் எடுத்துப் பெண் கொடுத்த உறவு, ஒரே காடு. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. பர்கூர், கடம்பூர் மலைகளின் மக்கள் ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் ஒரு மாவட்டத்தின் பெயரைச் சேர்க்க 342-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அது இதுவரை நடக்கவில்லை.

ஏற்காட்டுப் பக்கம் பட்டியலில் இருக்கிறது என்பதால் அங்கே எல்லாம் சுலபம் என்றில்லை. பழங்குடிச் சான்றிதழை 1989 முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலையிலிருந்து இறங்கி, வேலைநாளைத் தொலைத்து, பலமுறை அலைந்து வாங்க வேண்டிய தாள் அது. போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் சரிபார்ப்பு இறுகியது. இறுக்கத்தின் சுமை உண்மையானவர்கள் மேலும் விழுந்தது.

வனத்துறைக்கும் இந்த மக்களுக்கும் நடுவில் நிற்கும் நம்பிக்கையின்மையைப் புரிந்துகொள்ளச் சேர்வராயனிலிருந்து கொஞ்சம் வடகிழக்கே போக வேண்டும். சித்தேரி மலையடிவாரத்தில், அரூருக்கு அருகில் வாச்சாத்தி. அங்கே இருப்பவர்களும் பெரும்பாலும் மலையாளிகள். 1992 ஜூன் 20 அன்று கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடுகளும் தானியமும் போயின, கிணறு பாழாக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை விடாமல் நடத்தின. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். எஞ்சிய 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. முப்பத்தொரு ஆண்டு. அன்று பதின்வயதில் இருந்த பெண்கள் நடுவயதைக் கடந்திருந்தார்கள். நீதி கிடைத்தது என்று எழுதும்போது கிடைக்க எடுத்துக்கொண்ட காலத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

காட்டுக்குள் நுழைவதையே குற்றமாகப் பார்க்கும் சட்டம் இருக்கும்வரை அதிகாரம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்ற உணர்வு நாடெங்கும் திரண்டது. அதன் பலன் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பழங்குடிகளுக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் இழைக்கப்பட்டது ‘வரலாற்று அநீதி’ என்று சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் பயிரிட்டு வருபவருக்கு 4 ஹெக்டேர் வரை தனிநபர் உரிமை. தேன், கடுக்காய், நெல்லி, புளி போன்ற காடுபடு பொருள்களுக்கும் மேய்ச்சலுக்கும் சமூக உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் வழிவழியாகப் புழங்கிக் காத்துவந்த காடு முழுவதையும் நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை. சரணாலயமோ தேசியப் பூங்காவோ ஆனாலும் அந்த உரிமை செல்லும். விண்ணப்பத்தை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அட்டவணைப் பகுதி இல்லாத தமிழ்நாட்டுக்கு இந்தச் சட்டம் இரட்டிப்பு முக்கியம். ஐந்தாவது அட்டவணை கொடுக்காத பலவற்றை இது வேறு வழியாகக் கொடுக்கிறது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில், உரிமைப் பட்டயம் வழங்கும் முன் தன் அனுமதியைப் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் இடைக்கால உத்தரவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டில் பட்டயம் அநேகமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில்தான் மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமம் தன் காட்டு மூங்கிலைத் தானே விற்கும் உரிமையைப் பெற்று நடத்திக் காட்டியது; கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினரின் 25 கிராம சபைகள் சமூக உரிமை பெற்றன. பிந்தைய மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 2011 ஜனவரியில், உரிமை கிடைத்தது அதே ஆண்டு அக்டோபரில். இந்தியப் புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இந்தச் சட்டப்படி சமூக உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. புலிகளுக்கு அதனால் குறை வரவில்லை.

சேர்வராயன் மலையின் கோயில் முகட்டுக்கு இங்கே வந்தாக வேண்டும். ஐயாயிரம் அடிக்கு மேலான அந்த உச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்கள் எல்லாம் அங்கே கூடும். அதே மேட்டு நிலத்தின் அடியில் பாக்சைட் இருக்கிறது. 1960-களில் மேட்டூரில் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்காகக் கோயில் முகட்டை ஒட்டிய மேடுகள் வெட்டப்பட்டன. 1995-இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்திடம், அதாவது இன்றைய வேதாந்தாவிடம் போனது. 2008 வாக்கில் வேலை நின்றபோது குழிகளும் சிவந்த மண்ணும் எஞ்சின. இதே வேதாந்தா ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் கேட்டபோது கதை வேறுவிதமாக முடிந்தது. மலையுச்சி தங்கள் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம் என்றார்கள் அங்கே வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடியினர். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தையும் அரசியலமைப்பின் வழிபாட்டு உரிமைகளையும் சேர்த்துப் படித்து, முடிவெடுக்க வேண்டியது கிராம சபைகள் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சேர்வராயனின் மேட்டை வெட்டுவதற்கு முன் நாகலூர்க்காரரிடமோ வாழவந்திக்காரரிடமோ அப்படிக் கேட்கும் கடமை அன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டு மலைகளின் சாமிகளுக்கும் மண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இடையில் வந்த சட்டம்தான் வித்தியாசம்.

சேர்வராயன் இதுவரை சரணாலயமாகவில்லை. ஒதுக்குக் காடுகள், எஸ்டேட்டுகள், பட்டா நிலங்கள், ஊர்கள் என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் மலை இது. ஆனால் சுற்றுமுற்றும் கோடுகள் நெருங்கி வருகின்றன. 2014-இல் காவிரி வடக்கு சரணாலயம், 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம், 2024 ஜனவரியில் பர்கூர் மலைகளை உள்ளடக்கிய சுமார் 80,000 ஹெக்டேரில் தந்தை பெரியார் சரணாலயம். 2030-க்குள் பூமியின் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் செய்த உடன்பாடு இந்த வேகத்தைக் கூட்டும். காவிரியின் நீர்ப்பிடிப்பும் யானை வழித்தடங்களும் காக்கப்பட வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பர்கூர் மக்கள் எழுப்பிய கோரிக்கை வேறு: எங்கள் உரிமைகள் முதலில் பதிவாகட்டும், பிறகு கோடு போடுங்கள்.

அந்தக் கோரிக்கையின் பின்னால் மாடு நிற்கிறது. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் பர்கூர் மாடு பட்டிகளில் அடைந்து காட்டில் மேய்ந்து வளரும் இனம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடைசெய்தது; சில நாள்களில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருக்கியது. வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை உரிமை என்கிறது. ஒதுக்குக் காடாக இருந்தவரை மேய்ச்சலுக்குப் போன மலை, சரணாலயமான மறுநாள் தடைக்குள் வருமா? இங்கே பழைய பட்டியலின் ஓட்டை மறுபடி தலைகாட்டுகிறது. பர்கூர் மலையாளி பழங்குடியாக ஏற்கப்படாததால் ‘பிற பாரம்பரிய வனவாசி’ என்றுதான் விண்ணப்பிக்க முடியும். அப்படி விண்ணப்பிப்பவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பாலமலையில் இருப்பவருக்கு அந்த நிபந்தனை கிடையாது.

மக்கள் வெளியேறினால்தான் காடு பிழைக்கும் என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இல்லை. இலங்கையில் 1983-இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது, வேட்டைக்கும் தேனுக்கும் வேடர் பழங்குடியினர் போய்வந்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களின் தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டு நகர மறுத்தார். எதிர்த்திசையிலும் ஓர் அனுபவம் உண்டு. பழங்குடிக் கூட்டு நிலங்களை விற்கவோ பறிக்கவோ முடியாதவை என்று 1991 அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்ட நாடு கொலம்பியா. அங்கே அமேசானில் அபாபோரிஸ் ஆற்றங்கரைப் பழங்குடிகள், தங்கச் சுரங்க நிறுவனம் நெருங்கியபோது, எங்கள் நிலத்தைத் தேசியப் பூங்காவாக்குங்கள் என்று தாங்களே கேட்டார்கள். 2009-இல் அது யைகோஹே அபாபோரிஸ் பூங்காவானது. பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல். நிர்வாகம் அவர்களின் சடங்கு நாள்காட்டியையும் புனித இடங்களையும் கணக்கில் எடுத்து நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உரிமை உறுதியாக இருந்ததால் அவர்களுக்குப் பூங்காவைக் கண்டு அச்சமில்லை. அதைக் கேடயமாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

காட்டைக் காக்கும் பக்கத்திலிருந்து வரும் கவலைகளையும் தட்டிக்கழிக்கக் கூடாது. பட்டயம் கொடுத்தால் காடு துண்டாகும், பழங்குடியின் பெயரில் வெளியார் நுழைவார்கள் என்ற அச்சம் அடிப்படையற்றதாக இல்லை. சேர்வராயனில் காட்டுமாடுகள் காப்பித் தோட்டங்களுக்குள் வருகின்றன. கோடையில் மலைப்பாதையோரம் தீப் பற்றுகிறது. வேறெங்கும் இல்லாத வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அருகிவிட்டது. ஆனால் காடு துண்டாகியிருக்கும் இடங்களை நடந்து பார்ப்பவருக்குக் கண்ணில் படுவது எஸ்டேட்டும் விடுதியும் சாலையும் சுரங்கக் குழியும். மலையாளி ஊர்களின் கோயில் காடுகளிலோ அரிவாள் படாத மரங்கள் நிற்கின்றன. சமூக வன வள உரிமை தனித்தனித் துண்டுகளாக நிலத்தைப் பிரிப்பதும் இல்லை. ஊர் முழுவதற்கும் பொதுவானது, விற்க முடியாதது, வன உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி காட்டையும் விலங்கையும் காக்கும் கடமையோடு வருவது. தனிநபர் பட்டயங்களின் எண்ணிக்கையையே சாதனையாகக் காட்டும் பழக்கத்தை அரசு விட்டு, இந்தக் கூட்டு உரிமைக்கு முதலிடம் தந்தால் மேற்சொன்ன அச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஊரைச் சேர்த்துக்கொண்டு காட்டை நிர்வகிக்க வனத்துறை முன்பே முயன்றதுண்டு. 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள், கடனும் கொடுத்தார்கள். குழுவின் செயலர் வனத்துறை ஊழியர். திட்டப் பணம் தீர்ந்ததும் பல இடங்களில் குழுவின் மூச்சும் நின்றது. திட்டத்தில் ஊருக்குக் கிடைத்தது வேலை. சட்டம் சொல்வது அதிகாரம். இரண்டும் ஒன்றென்று எண்ணும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

அதிகாரம் என்பது எவ்வளவு சாதாரண விஷயங்களில் தேவைப்படுகிறது என்பதற்கு மலைப்பாதையே சாட்சி. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் தூளி கட்டித் தூக்கி வந்த செய்தி தமிழ்நாட்டு மலைகளிலிருந்து இன்னமும் வருகிறது. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் ரிசர்வ் கிடக்கும். அதில் ரோடு போட வன அனுமதி இல்லை என்பார்கள். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் மாவட்ட அளவிலேயே வன நிலம் தரலாம். டெல்லிக்குக் கோப்புப் போக வேண்டியதில்லை. இந்தப் பிரிவைத் தெரிந்த ஊராட்சித் தலைவர் இருக்கும் இடத்தில் ரோடு வந்துவிடுகிறது.

கிராம சபை என்றதும் இன்னொரு முடிச்சு. தமிழ்நாட்டு ஊராட்சி பல குக்கிராமங்களைச் சேர்த்தது. மலையில் ஒரு குக்கிராமத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கே இருக்கும். குடியரசு நாளிலோ மே தினத்திலோ ஊராட்சி அலுவலகத்தில் கூடும் சபைக்குப் பத்து ஊர்க் காடுகளைப் பற்றியும் பேச நேரமும் இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு அந்தக் காடுகள் தெரிவதும் இல்லை. ஒவ்வொரு மலை ஊரும் தனியாகக் கூடித் தன் காட்டைப் பற்றி முடிவெடுக்க ஏற்பாடு வேண்டும். நாடு, பட்டக்காரர் என்ற பழைய அமைப்பில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே இருந்தது; அதில் பெண்களுக்கு இடமில்லை என்ற குறையைப் புதிய சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு விதி சரிசெய்கிறது.

மேலிருந்து காற்று எதிராகவும் அடிக்கிறது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களை வெளியேற்ற வேண்டும் என்று 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு பல மாநிலங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கலங்கடித்தது. இரண்டு வாரத்தில் அதே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், காட்டைத் திட்டங்களுக்குக் கொடுக்கும் முன் கிராம சபையின் ஒப்புதலை உறுதிசெய்யும் பொறுப்பை மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்குத் தள்ளின. ஒப்புதல் கேட்கப்படுவதே அனுமதி முடிந்த பின்னர் ஆகலாம் என்ற நிலை அதனால் வந்தது.

ஆகவே சேர்வராயன் மலையில் முதல் வேலை ஊர்களின் கையிலேயே இருக்கிறது. சமூக வன வள உரிமைக்கான படிவம் ‘சி’ சில கேள்விகள் கொண்ட ஒரு தாள். காட்டின் எல்லைகளையும் அடையாளங்களையும் எழுதச் சொல்கிறது. ஆதாரமாக அரசுப் பதிவேடு மட்டும்தான் செல்லும் என்று விதி சொல்லவில்லை. கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம், பழைய வீட்டின் அடித்தளம், மனுதாரர் அல்லாத மூத்தவர் ஒருவர் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம், இவை எல்லாமே சான்று. 1880-களில் தீர்வு அலுவலர் கேட்டபோது இந்த மலைக்கு எழுத்து இல்லை. இன்று ஏற்காட்டில் பள்ளி முடித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். சேல நாட்டின் எல்லை எந்த ஓடையில் முடிகிறது, முட்ட நாட்டுக்காரர் கடுக்காய் பொறுக்கப் போன சரிவு எது, கோயில் காட்டின் நான்கு மூலைக் கல் எங்கே என்பது தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு, கையில் ஒரு நோட்டும் செல்போனில் ஜிபிஎஸ்ஸுமாக, பிள்ளைகள் அந்த எல்லையை ஒருமுறை சுற்றி நடந்து வர இரண்டு நாள் போதும்.